‘படித்தேன்’ என்று மட்டும்

சுற்றறிக்கையில் ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். நான் ‘படித்தேன்’ என்று எழுதிப் போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. ஒரே ஒரு சர்வர், நோயாளிகள் விவரம் மொத்தமும் அதில்தான். தினமும் மதியம் ஒரு மணிக்கு அதை நிறுத்தி, எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுப்பேன். பெயரைச் சொன்னால் ஆளைக் காட்டும் தேடல் பட்டியலான இண்டெக்ஸையும் சேர்த்து எடுத்தால் கால் மணி நேரம் கூடும். அந்தக் கால் மணி நேரம்தான் மேனேஜர் கண்ணை உறுத்தியது. இனி இண்டெக்ஸை எடுக்க வேண்டாம் என்பதுதான் அந்தச் சுற்றறிக்கை.

“டேட்டா இருந்தா போதும்மா. இண்டெக்ஸ மெஷினே திரும்பப் போட்டுக்கும். நீ எதுக்கு ஜாஸ்தி நேரம் எடுக்கற?”

“போட்டுக்கும் சார். முழுசா ஒரு நாள் ஆவும். அதுவரைக்கும் ஒருத்தரையும் தேட முடியாதுங்க.”

“டிஸ்க் போனாத்தானே அதெல்லாம்?”

அவருக்கு நோயாளி என்றால் நம்பர். எங்கள் கிராமத்துப் பெண்கள் நம்பர் எழுதிய அட்டையைக் கொண்டுவந்ததே இல்லை. ஊட்டுக்காரர் பேரு என்ன என்று கேட்டால், “சாமி பேருதாங்க” என்பார்கள். இந்த ஊரில் பாதி ஆண்களுக்குச் சாமி பேருதான். அதனால் ஊரையும் கணவர் பெயரையும் சேர்த்துத் தேட நானே ஓர் இண்டெக்ஸ் போட்டிருந்தேன். அதைப் போட்ட அன்று காலையில் தொடங்கிய மெஷின் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடித்தது. கண்ணால் பார்த்ததை ஒரு காகிதத்துக்காக நான் மறக்க வேண்டுமா?

மறுநாளும் இண்டெக்ஸோடுதான் எடுத்தேன். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் மேனேஜர் கதவருகே வந்து நின்றார்.

“நாளைக்கும் லேட்டானா சீட்டு குடுக்கற கவுன்டருக்குப் போயிடு.”

“போறேன் சார். எனக்குப் பதிலா இங்க வர்றவங்ககிட்ட இண்டெக்ஸோட எடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போவேன்.”

பயமும் இருந்தது. இருந்தாலும் கோபம் பயத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

அன்று மாலையே டிஸ்க் போனது. வேலூரிலிருந்து வந்த இன்ஜினியர் மறுநாள் காலைக்குள் புதியதை மாட்டிவிட்டார். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால், ஆபரேஷனுக்கு வந்தவர்கள் அங்கிருந்து நடந்தே வந்து காத்திருந்தார்கள். பழைய கேஸ் தாள் கிடைக்காமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். நம்பர் தெரியாமல் அந்தத் தாளைத் தேடி எடுக்கவும் முடியாது.

ஏழு மணிக்கு டேப்பைப் போட்டேன். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

“எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிடலாமா?”

“ஒருத்தரையும் திருப்பி அனுப்பாதீங்க சார்.”

ஒன்பதரைக்கு டேட்டா ஏறி முடிந்தது. இண்டெக்ஸும் கூடவே வந்துவிட்டது. கவுன்டரில் முதலில் நின்ற அம்மாவிடம் அட்டை இல்லை. கணவர் பெயர் சாமி பேருதான். எந்தச் சாமி, எந்த ஊர் என்று கேட்டுத் தட்டினேன், நம்பர் வந்தது.

“இதுக்கா இவ்ளோ நேரம் உக்கார வெச்சீங்க?” என்றார் அந்த அம்மா.

அன்று யாரும் திரும்பிப் போகவில்லை.

அடுத்த வாரம் புதிய சுற்றறிக்கை வந்தது. இனி இண்டெக்ஸையும் கட்டாயம் நகல் எடுக்க வேண்டுமாம். யோசனை மேனேஜருடையதாம். அவரே பேனாவைத் திறந்து நீட்டினார்.

“இப்பவாவது சம்மதம்னு போடும்மா.”

வாங்கி, ‘படித்தேன்’ என்று எழுதினேன்.