இருநூறு வருஷத்து வௌவால்

அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்து நாலு வருஷம் நான் செய்த முக்கியமான வேலை, காலியாக விட்ட கட்டத்தைக் கண்டுபிடித்து விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது. ஓய்வு பெற்று ஏற்காட்டில் குடியேறிய பிறகு, திருப்பி அனுப்ப ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்தேன். அப்போதுதான் நாகலூரிலிருந்து பஸ் ஏறி அந்த அம்மா வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதிய, காலமான ரைட்டர் ஒருவரின் மனைவி.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் ஒரு பச்சைக் கல்லை வைத்தார். உள்ளங்கை அளவு. இரண்டு பழம், அவற்றின்மேல் இறக்கை விரித்த ஒரு வௌவால், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியது. சீன வேலை. அங்கே வௌவால் அதிர்ஷ்டமாம். எங்கள் மலையில் காபிப் பழம் தின்ன வந்தால் தகரம் தட்டி விரட்டுவோம்.

"எஸ்டேட் துரைசானி சீமைக்குப் போறப்ப எங்க ஊட்டுக்காரர்ட்ட குடுத்துட்டுப் போனதுங்க. நொம்பப் பழசுங்க சார். ஏரிக்கரை லாட்ஜுல தங்கியிருக்கற பெங்களூர்க்காரர் எடுத்துக்கறேங்கறாரு. ஞாயித்துக்கிழமை வரைக்குந்தான் இருப்பாராம். மாசக் கடைசிக்குள்ள பொண்ணை நர்ஸ் படிப்புல சேர்த்தோணுங்க. வெலை சரிதானான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சட்டம் சொன்னேன். நூறு வயது தாண்டிய கலைப்பொருளைப் பதிவு செய்யாமல் விற்பது குற்றம்.

"ஏனுங்க, ஜெயில்ல போட்ருவாங்களா?"

"நான் இருக்கும்போது விடுவேனாம்மா?"

ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்க் கல்லைப் படம் எடுத்தேன். பதிவுப் படிவத்தை நானே நிரப்பினேன். 'பொருளின் வயது' என்ற கட்டத்தில் பேனா நின்றது. எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் என் கையால் ஒரு காலிக் கட்டமா? 'சுமார் இருநூறு ஆண்டுகள்' என்று அழகாக எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாளே சேலம் பதிவு அலுவலகத்தில் கொடுத்தேன்.

முத்திரை குத்தி, எண் போட்ட பிறகுதான் அங்கிருந்த இளம் அதிகாரி படித்தார். "வயசுக்கு என்ன ஆதாரம் சார்?"

"ஆதாரம் இல்லை."

"தெரியாதுன்னு எழுதியிருந்தா இப்பவே பைசல் பண்ணியிருப்பேன். இருநூறுன்னு நீங்களே எழுதிட்டீங்க. இனி போட்டோவைப் பார்த்து மெட்ராஸ் நிபுணருங்க பதில் போடற வரைக்கும் கல்லு கைமாறக் கூடாது."

முத்திரை விழுந்த தாளைத் திரும்பக் கேட்க முடியாது. அதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பைல் திறந்தாயிற்று என்று கேள்விப்பட்டதும் பெங்களூர்க்காரர் சனிக்கிழமையே மலை இறங்கிவிட்டார். திங்கட்கிழமை அந்த அம்மா வந்து, "அப்ப பொண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

நான் விதியை விளக்க ஆரம்பித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "இருநூறுன்னு எழுதின கையாலயே பேங்க்ல பணம் எடுக்கற பாரத்தையும் எழுதச் சொல்லுங்கம்மா. அதுலயும் ஒரு கட்டம் விட மாட்டாரு."

எழுதினேன். பெங்களூர்க்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன். பெண் படிப்பில் சேர்ந்தாள். கல்லை வாங்கிக்கொள்ளச் சொன்னார் அந்த அம்மா. கைமாறக் கூடாது என்று விதியைக் காட்டி மறுத்தேன். பணம் கொடுத்த பொருளைத் தொட முடியாமல் இரண்டு வருஷம் இருந்தேன்.

பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு வரி வந்தது: வயதை நிர்ணயிக்க இயலவில்லை, பழமையானதாகத் தோன்றவில்லை. அந்த அம்மா மறுநாளே பஸ்ஸில் வந்து வௌவாலை என் மேசையில் வைத்தார். "உங்க கல்லுங்க சார்." மகள் ஆஸ்பத்திரியில் ஊசி போடப் பழகுகிறாள் என்றும் சொன்னார்.

வௌவால் இப்போது என் காகிதங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் அதன் வயதைக் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அடுப்படியில் இருமல் சத்தம் கேட்கிறது.