நாளைக்கு மட்டும்

துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு பேருடைய காலண்டரும் அறிவுமதியின் கையில்தான் இருந்தது. யாருக்கு எப்போது மீட்டிங், எந்த அறை, யார் லீவு, எதை எதற்கு முன்னால் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டு வருடங்களில் அவள் போட்ட இரண்டு மீட்டிங்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை.

வீட்டில் அவளும் தம்பி சித்தார்த்தனும்தான். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் போடுகிறவன் அவன். "மீட்டிங் மேடம் வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பான், அவள் செருப்பைக் கழற்றும்போதே. முப்பத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகின. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஓர் இடம் கிடைத்தது. இன்னொன்று செவ்வாய் காலை ஏழு மணி.

கம்பெனியில் செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு உற்பத்தி ஆய்வுக் கூட்டம். குறிப்பெடுப்பவள் அவள், அவள் இல்லாமல் அது நடக்காது.

முதல் திங்கட்கிழமை மேலாளர் பஷீர் அகமதுவின் அறைக்குப் போனாள்.

"சார், நாளைக்கு மட்டும் மீட்டிங்கை மூணு மணிக்கு வெச்சுக்கலாமா? தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அதுக்கென்னம்மா, வெச்சுக்கங்க."

நேரத்தை மாற்றியதும் காலண்டர் கேட்டது: இந்த ஒரு கூட்டம் மட்டுமா, தொடர் முழுவதுமா? ஒன்று மட்டும் என்று அழுத்தினாள். அடுத்த திங்கட்கிழமையும் போய் நின்றாள். அதற்கடுத்த திங்களும். ஏழு மாதம் அப்படியே ஓடியது. அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

தொடரையே மாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. இரத்தம் பொருந்திவிட்டது. மருத்துவமனைக் குழுவின் ஒப்புதல்தான் பாக்கி. இன்னும் இரண்டு மாதம், ஒன்றரை மாதம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. அதற்குள் சரியாகிவிடப் போகிற ஒன்றுக்காகத் தொடரை மாற்றுவானேன்? மாற்றிவிட்டால் இவன் இப்படியேதான் இருப்பான் என்று தானே எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும் என்றும் பயந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபரில் காந்தி ஜெயந்தி திங்கட்கிழமையில் வந்தது. விடுமுறை. அன்று முழுக்க அவளுக்கு மருத்துவமனைக் குழு கேட்ட பரிசோதனைகள். அலுவலக ஞாபகமே வரவில்லை. செவ்வாய் விடிகாலை போனை எடுத்தபோதுதான் பார்த்தாள், கூட்டம் பழையபடி பத்து மணியிலேயே இருந்தது. அந்த வாரம் புனேயிலிருந்து வாடிக்கையாளர்களும் சேர்வதாக இருந்தது. அவர்கள் அழைப்பை ஏற்றுவிட்டிருந்தார்கள்.

"நீ போக்கா. எனக்கென்ன வழி தெரியாதா? நான் போயிட்டு வரேன்" என்றான் சித்தார்த்தன்.

"முடிஞ்சதும் அங்கேயே ஒரு மணி நேரம் படுத்திரு. ஆட்டோலதான் வரணும், பஸ்ஸுல ஏறாத."

"சரிங்க மேடம்."

அவன் பஸ்ஸில்தான் வந்தான். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கும்போது தலை சுற்றி, படியிலிருந்து சாலையில் விழுந்தான். டயாலிசிஸில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். தலைக்குள் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. பூக்கடைக்காரர் ஒருவர் அவன் போனிலிருந்து அக்கா என்ற பெயரைத் தேடிக் கூப்பிட்டபோது, அவள் புனேக்காரர்கள் கேட்ட தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். போன் சைலண்டில் இருந்தது. ஆறு தடவை கூப்பிட்டிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் சித்தார்த்தன் இறந்தான்.

பத்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது, இருவரும் வர வேண்டும் என்றாள். "அவன் இல்லைங்க" என்று அறிவுமதி சொன்னாள். அந்தப் பெண் புரியாமல், "அப்போ அவர் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். இவள் போனை வைத்துவிட்டாள்.

இருபதாம் நாள் வேலைக்குப் போனாள். பஷீர் அகமது அவளை உட்காரச் சொன்னார்.

"ஒரு வார்த்தை, எப்பவும் மூணு மணிக்கே இருக்கட்டும் சார்னு சொல்லியிருக்கலாமேம்மா. எனக்குப் பத்தும் ஒண்ணுதான், மூணும் ஒண்ணுதான். நீங்க வாராவாரம் வந்து கேக்கறப்ப, உங்களுக்கு அதுதான் வசதின்னு நெனச்சேன். நானாவது கேட்டிருக்கணும்."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"இனிமே மூணு மணிக்கே மாத்திடுங்க" என்றார் அவர்.

"வேணாம் சார். பத்துக்கே இருக்கட்டும். காலையில எனக்கு வேற வேலை இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை.

வேலை செய்தாள், முன்பு போலவே பிசகில்லாமல் செய்தாள். முடியாமல் போனது பஸ் பயணம்தான். காலையும் மாலையும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி நிற்பது உடம்புக்குத் தெரிந்தது. மார்கழி முடியுமுன் ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்தாள். மைக்செட்டை மொத்தமாக அவனுடைய கூட்டாளிகள் எடுத்துப் போனார்கள். கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் செல்லக்கண்ணு அண்ணன் மினி வேன் பிடித்து வந்து, பாத்திரங்களையும் பீரோவையும் ஏற்றிக் கொடுத்தார்.

அந்த ஸ்டாப் வழியில் வராத மன்னார்புரத்தில், மாடியில் ஒரு அறை. சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மா கேட்டார்:

"எத்தனை பேரும்மா இருப்பீங்க?"

"நான் மட்டும்தாங்க" என்றாள் அறிவுமதி.