கிணற்றடியில் பூத்த வெள்ளைப் பூ

ஊரில் இருக்கிற நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். இந்த மட்டாஞ்சேரியில் பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை அப்படியே விரித்துப் போட்டு, நுனியில் ஒரு துளசிக் கதிரைச் செருகிக்கொண்டு கோயிலுக்கும் கடைக்கும் போய்விடுகிறார்கள். நான் ஜடை பின்னிப் பூ வைத்துத் தெருவில் இறங்கினால் மட்டும், "பாண்டிச்சி வருந்நு" என்று, தமிழச்சியை இளப்பமாகச் சொல்லி, சிரிப்பு. வந்த நாளிலிருந்து கேட்கிறேன். இன்றைக்கும் கேட்டால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எழுபத்தாறில் கல்யாணமாகி வந்தேன். இவருக்குக் கொச்சங்காடியில் ஒரு மிளகாய் வற்றல் கிடங்கில் வேலை. சாரதா சேச்சி வீட்டின் பின்கட்டில் குடியேறினோம், இப்போதும் அங்கேதான். அடுத்த பங்குனியில் எனக்கு ஏழாம் மாதம். அம்மாவும் சித்தியும் வந்து வளையல் போட்டு, மதுரை மல்லிகையில் ஜடை தைத்துப் பூ முடிப்பதாக ஏற்பாடு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஒருவரும் வரவில்லை. தலைப்பிள்ளைக்குப் பூ முடிக்காமல் விடுவதா? "நான் இருக்கேன்டி, அழாத" என்றாள் மாரியக்கா. காய்கறிச் சந்தையில் கடை போட்டிருந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரி அவள்.

கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு செடிகள். கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கொம்பெல்லாம் வெள்ளை மொட்டு. மல்லிகை என்றால் இலை இவ்வளவு பெரிதாக இருக்காது, பிச்சி என்றால் கொடியாக இருக்கும். "சேச்சி, இது என்ன பூ? பறிச்சுக்கலாமா?" என்று கேட்கத்தான் செய்தேன். துணி அலசிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓ, அதொரு செடி. பாண்டிக்காருக்குப் பூவு கண்டால் மதி" என்று, பூவைக் கண்டால் போதுமாம் எங்களுக்கு, சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லையே! மறுநாள் காலையில் கிணற்றடியே மணத்தது. மல்லிகை மணமேதான். நானும் மாரியக்காவும் ஒரு கொம்பு விடாமல் உருவிச் சரம் கட்டினோம்.

வளையல் போட்டு, ஜடையில் பூவும் வைத்தாயிற்று. அப்போதுதான் சேச்சி கிணற்றடியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "எடீ, இது காப்பியாணு! ஒரு கொல்லத்தெ காப்பி முழுவன் போயில்லே!" என்று, ஒரு வருஷத்துக் காப்பி மொத்தமும் போயிற்றென்று, கத்தியபடி என் ஜடையிலிருந்த சரத்தை இழுத்து உருவி, வந்திருந்தவர்களிடம் தூக்கிக் காட்டினாள். ஐயோ, தாலி கட்டியவள் தலையிலிருந்து, அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி தலையிலிருந்து, இன்னொருத்தி பூவைப் பிடுங்குவாளா? புருஷன் செத்த அன்றைக்கல்லவா பிடுங்குவார்கள்! மாரியக்கா வாயில் அடித்துக்கொண்டாள். சேச்சிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. "காப்பி போயது எனிக்கல்லே? இவளெந்தினா கரையுந்நது?" என்றாள், நான் எதற்கு அழுகிறேனாம். அவளுக்கு நஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் காப்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? என்னிடம் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். இவரும் "விடு, வாடகை வீடு" என்று என் வாயைத்தான் அடைத்தார். பிள்ளை பிறக்கும்வரை, இவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை, தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அதன்பிறகு அந்தச் செடிப்பக்கமே போனதில்லை. வருஷாவருஷம் சேச்சி கொடுத்துவிடும் காப்பிப் பொடியையும் தொட்டதில்லை. இவர் குடிப்பார், ருசியாம். அன்று வயிற்றில் இருந்த கோமதி இப்போது மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஊருக்குப் போனால் அவளை மலையாளத்துக்காரி என்கிறீர்கள்; அதுவும் எனக்கு எரிகிறது.

இந்தப் பங்குனியிலும் செடி பூத்தது. நேற்று கோமதி கை நிறைய எதையோ பொத்திக்கொண்டு வந்தாள். "அம்மே, பூவு தானே கொழியட்டும்னு காத்திருந்தேன். கொழிஞ்ச பூவை எடுத்தா காப்பிக்கு ஒண்ணும் ஆகாதாம். சேச்சியம்மகிட்ட கேட்டாச்சு." பழுப்பேறி, பாதி காய்ந்த பூ. தரையில் உதிர்ந்ததை நம் ஊரில் எவள் தலையில் வைப்பாள்? அம்மா பார்த்தால் விளக்குமாற்றை எடுப்பாள். கட்டத் தெரியாததால் கோமதி அதை ஊசி நூலில் கோத்தாள். "தலையைக் காட்டம்மே" என்றாள். திட்டிக்கொண்டேதான் திரும்பி உட்கார்ந்தேன். பூவில் மணமே இல்லை. கிணற்றடியில் சேச்சி துணி அலசிக்கொண்டிருந்தாள். கோமதி கதவைச் சாத்தப் போனாள்.

"திறந்தே இருக்கட்டும்" என்றேன்.