கட்டிலிலிருந்து ஒரு ஸ்ட்ரைக் நோட்டீஸ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அம்பத்தூரிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி... நாளிக்கு... ஊட்டாண்ட வா. பேச்சுவார்த்தை கீது."

என்ன பேச்சுவார்த்தை? யாரோடு? நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் மல்லுக்கட்டித்தான் வெளியே வருகிறது. அதனால் தேவையில்லாத வார்த்தை ஒன்றைக்கூட அவர் இப்போது செலவழிப்பதில்லை. இந்தச் சிக்கனம் எனக்கும் வந்தால் இந்தப் பத்தி பாதியாகச் சுருங்கிவிடும்!

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் வாயில் எஸ்டேட்டில், ஒரு நட்டு-போல்ட் கம்பெனியில் லேத் பிடிக்கும் டர்னராக இருந்தவர். அதைவிட முக்கியம், யூனியன் செயலாளர். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், கம்பெனி வாசலில் நடந்த ஒரு கேட் மீட்டிங்குக்குச் செய்தி சேகரிக்கப் போய்த்தான் அவர் எனக்குப் பழக்கமானார். அவர் குரலுக்கு மைக்கே தேவைப்படாது. கம்பெனி முதலாளியே, அவர் உள்ளே நுழைந்தால் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாராம்.

ஓய்வு பெற்றார். மனைவி தவறினார். அப்புறம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளில் மூத்தவள், மகள் சுமதி.

எஸ்டேட்டிலேயே ஒரு எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் செக்கிங் செக்ஷனில் இருந்தவள் சுமதி. அப்பாவுக்காக வேலையை விட்டாள். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை; குடியிருப்பது அப்பா வீட்டிலேயே. தம்பிகள் இரண்டு பேர். ரவி ஐ.டி.யில், பூந்தமல்லியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். பாபு திருநின்றவூரில் இருக்கிறான், தினமும் ரயிலேறி சிட்டிக்கு வேலைக்குப் போகிறவன். இருவரும் நல்ல பிள்ளைகள். மருந்துச் செலவு, டாக்டர் செலவு எல்லாம் கேட்காமலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து, "இன்னா நைனா, எப்டி கீற?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் அந்த ஒன்றரை ஆள் கனத்தைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று விலாவாரியாகச் சொன்னார்கள். ஒரு மனிதரை எப்படித் தூக்குவது என்று யாரும் சொல்லவில்லை. மகள்தானே, பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தார்களோ என்னவோ! சுமதி தனக்குத் தெரிந்த மாதிரி, அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். இடுப்பு போய்விட்டது. அப்புறம்தான் அரசாங்கத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பெண், இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடிப்பது, முட்டியை மடக்கி நிற்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். "இத மொத நாளே யாராச்சும் சொல்லியிருந்தா, என் இடுப்பு தப்பிச்சிருக்கும்ண்ணே" என்றாள் சுமதி என்னிடம்.

இன்னும் ஒரு வேடிக்கை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, ஒரு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் இலவசப் பயிற்சி நடக்கிறதாம். சுமதியால் போக முடியவில்லை. ஏன்? அவள் போனால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை! அரசாங்க உதவித்தொகைக்கு அலைவதற்கும் இதே கதைதான். உதவி வாங்கப் போக முதலில் ஒரு உதவி வேண்டியிருக்கிறது.

சரி, பேச்சுவார்த்தைக்கு வருகிறேன்.

ஞாயிறு காலை நான் போனபோது ரவியும் பாபுவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுமதி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். ஏகாம்பரம் அண்ணன் தலையணையில் சாய்ந்தபடி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். என்னைப் பார்த்ததும், "இவுரு... லேபர் ஆபீசர்" என்று பிள்ளைகளிடம் அறிமுகம் செய்தார். முதலாளி-தொழிலாளி தகராறைத் தீர்த்துவைக்கும் அதிகாரியாம் நான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இன்னிலேர்ந்து... எக்சர்சைஸ்... பண்ண மாட்டேன். ஸ்ட்ரைக்."

ரவிக்கு முகம் மாறிவிட்டது. ஆவணியில் அவன் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். நைனா வாக்கர் பிடித்து நடந்துவந்து, முதல் ஆளாக உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகத்தான் சுமதி தினமும் அவரை நிற்க வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"நைனா, இன்னும் கொஞ்ச நாள்தான் கீது. இப்பப் போயி ஏன்?"

அண்ணன் என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். "ஆர்டர்... டெலிவரி டயத்துல தான்... நோட்டீஸ் குடுக்கணும்."

மனுஷன் படுத்துக்கொண்டே கம்பெனி கேட்டை மறித்துவிட்டார்!

கோரிக்கை மூன்று. சுமதிக்கு மாதச் சம்பளம். வாரத்துக்கு ஒருநாள் லீவு. சனிக்கிழமை அவள் பயிற்சிக்குப் போக வேண்டும், அவளிடமிருந்து தம்பிகள் இரண்டு பேரும் வேலை கற்றுக்கொள்ள வேண்டும்.

பாபு முதலில் வாயைத் திறந்தான். "இன்னா நைனா, பெத்த அப்பாவப் பாத்துக்கிறதுக்குச் சம்பளமா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

ரவி சமாதானத்துக்கு வந்தான். "அக்காவுக்குக் கஷ்டம்னா ஒரு அட்டெண்டர் போட்டுடலாம் நைனா. எவ்ளோ ஆனாலும் நான் குடுக்கிறேன்."

பெரியவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. "அந்த எவ்ளோ ஆனாலும் கீதே... அத இவளாண்ட குடு."

ரவி கப்பைக் கீழே வைத்தான்.

யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் அட்டெண்டருக்கு யூனிபார்ம் உண்டு, பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, லீவு உண்டு. அதில் ஒரு தப்பும் இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். அதே வேலையை மகள் செய்தால்? புண்ணியம் கிடைக்கும் என்கிறோம். புண்ணியத்துக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. இடுப்பு போனால் புண்ணியமா வந்து தைலம் தேய்த்துவிடும்?

ஆனால் உண்மையான சிக்கல் தம்பிகள் இல்லை. சுமதி. கதவோரம் நின்றவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு எதுவும் வாணாம் நைனா. உன்னப் பாத்துக்க நான் துட்டு கேட்டேனா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

முதலாளியைச் சமாளிப்பதைவிட, யூனியனில் சேரமாட்டேன் என்கிற தொழிலாளியைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று அவர் அந்தக் காலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். இடது கையை நீட்டி மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேச நேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம்.

"நீ பாசமாத்தான் செய்யிற. எனக்குத் தெரியும். ஆனா... ஒருத்தி சும்மா செஞ்சா... தெருவுல கீற அத்தினி பொண்ணுங்களும்... சும்மா செய்யணும். உன் இடுப்பு பூட்ச்சி. நாளிக்கு நீ படுத்துட்டா... உன்ன யாரு தூக்குவா?"

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ மேடைகளில் அவர் பேசக் கேட்டிருக்கிறேன். வார்த்தை வார்த்தையாகப் பிய்த்து எடுத்த இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் அவை எதுவும் நிற்காது.

ஒப்பந்தம் முடிந்தது. மூன்றுக்கும் ரவி சம்மதம் சொன்னான். பாபு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை ஏற்றுக்கொண்டான். சனிக்கிழமை மதியம் ரவி. உடனே பயிற்சியும் ஆரம்பமானது. பெல்ட்டைக் கட்டி, "கால அகட்டி வெய்டா, முட்டிய மடக்கு, கைய இழுக்காத" என்று சுமதி அதட்ட, ரவி தன் அப்பாவை முதல்முறையாக நாற்காலியில் உட்கார வைத்தான். வேர்த்துக் கொட்டியது. அக்காவை அப்போது நிமிர்ந்து பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வைக்கே தனியாக ஒரு போனஸ் கொடுக்கலாம்.

அடுத்த ஞாயிறு சுமதிக்கு முதல் லீவு. பத்தரை மணிக்கு என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த நைனா பண்றதப் பாருங்கண்ணே! காலீல கோயிலுக்குப் போய்ட்டு பத்து மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டேன். பாபுவ விட்டுக் கதவத் தாப்பா போடச் சொல்லிட்டாரு. இன்னிக்கு இவளுக்கு வேலை இல்ல, உள்ள வுடாதன்றாரு. மாத்திரைய மாத்திக் குடுத்துடப் போறானேன்னு வெளிய நின்னு கத்திக்கினு கீறேன்!"

ஆயுள் முழுக்க முதலாளிகளின் கதவடைப்பை எதிர்த்துக் கோஷம் போட்டவர், மகளுக்குக் கதவடைப்பு செய்திருக்கிறார்!

"மாத்திரை?" என்றேன்.

"சரியாத்தான் குடுத்துகிறான். ஜன்னலாண்ட காட்டினான்." அப்புறம் சின்னக் குரலில், "நான் எங்கண்ணே போறது?" என்று கேட்டாள்.

எனக்குச் சுரீரென்றது. கால் வைக்க வீட்டுக்கு வெளியே ஓர் இடம் யோசித்தே வருஷக்கணக்காகிவிட்டது அவளுக்கு.

"எங்க வேணா போம்மா" என்றேன். "யாரும் கேக்க மாட்டாங்க."

இருட்டிய பிறகு பாபுவிடமிருந்து போன். குரலில் ஏகப்பட்ட பதற்றம். "சார், அக்கா இன்னும் வரல சார். போன் போட்டா, பழைய ஃபிரெண்ட்ஸோட கீறேன், அப்பறம் பேசறேன்னு கட் பண்ணுது. எனக்கு முதுகு வுட்டுப் போச்சு சார். எப்ப வரும்னு உங்களாண்ட எதாச்சும் சொல்லிச்சா?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து ஏகாம்பரம் அண்ணனின் குரல் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக...

"மெதுவா வரட்டும்டா. உனுக்கு... ஓவர்டைம்... போட்டுக்கலாம்."