சந்தாபுரா வரை ஓட்டிப் பார்த்த கார்

"டீச்சர், உங்களுக்கு எந்தக் கலர் வேணும்?"

வெயிலில் நின்று சூடேறிய ரெக்ஸின் சீட்டின் வாசனையும், டேஷ்போர்டில் செருகியிருந்த ஊதுபத்தியின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தபோது, கார் புரோக்கர் நாகராஜ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. தொண்ணூறுகளின் கடைசி. அதற்குப் பிறகு வாரக்கணக்கில், கலரைத் தவிர வேறெதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் சந்தாபுராவில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடியையும் தாண்டிப் போக வேண்டும். பஸ் மாறி மாறி, பாதி நாள் நின்றுகொண்டே போய்வந்ததில் இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்... பஸ்ஸை விடுங்க, இல்லேன்னா வேலையை விடுங்க.

வேலையை விட எனக்கு மனமில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒரு பழைய கார் வாங்கி, நானே ஓட்டிப் போவது என்று முடிவானது. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் காரில் ஓட்டப் பழகியிருந்தேன். என் கணவருக்கு ஓட்டவே தெரியாது.

ஆனால் கார் தேடியது அவர்தான். கூடவே அவர் தம்பி விக்டர். பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெஷினோடு பழகுகிறவன் என்பதால், கார் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவன் வைத்ததே சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும் நேரத்துக்கு நாகராஜ் ஏதாவது ஒரு வண்டியோடு சர்ச் வாசலில் நிற்பார். எல்லாமே "டாக்டர் ஓட்டின வண்டி". ஊரிலுள்ள டாக்டர்களெல்லாம் கார் விற்றுக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சர்ச்சிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஆளுக்கொரு முறை டயரை உதைத்துப் பார்ப்பார்கள். உதைத்ததில் என்ன தெரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

பிறகு டெஸ்ட் டிரைவ். விக்டர் ஓட்டுவான், பக்கத்தில் நாகராஜ், பின்னால் நானும் கணவரும். கோல்ஸ் பார்க்கைச் சுற்றி மரநிழலில் ஒரு ரவுண்டு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் கட்டிலுக்குச் சக்கரம் வைத்துத் தள்ளினாலும் அலுங்காமல்தான் போகும்.

"வெண்ணெய் மாதிரி போகுது பாருங்க, அண்ணி," என்பான் விக்டர்.

"பின்னாடி கால நல்லா நீட்ட முடியுதும்மா," என்பார் கணவர்.

"நான் பின்னாடி உக்காந்துகிட்டா வண்டிய யாருங்க ஓட்டறது?"

வண்டியிலிருக்கிற டேப் ரெக்கார்டரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ரெண்டாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொல்லிவிட்டான் என்பதற்காக ஒரு பையனைப் பத்தாம் வகுப்பு பாஸ் என்று அனுப்ப முடியுமா? இவர்கள் ஒவ்வொரு வாரமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் வெளுத்துப்போன கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கார் வந்தது. விக்டர் கதவைக்கூடத் திறக்கவில்லை. "இத சர்ச் வாசல்ல நிறுத்தினா மானம் போயிடும், அண்ணி." வந்த வழியே திரும்பிப் போனது.

அடுத்த வாரம் கருநீலத்தில் ஒரு பெரிய கார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "ராஜா மாதிரி இருக்கு," என்றார் கணவர். பேசி முடிக்கப் போகும் நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நாகராஜ், நாளைக்குக் காலையில நான் ஸ்கூலுக்குக் கிளம்பற நேரத்துக்கு வண்டிய கொண்டாங்க. நான் ஓட்டறேன். சந்தாபுரா வரைக்கும்."

"அவ்ளோ தூரமா, டீச்சரே? டெஸ்ட் டிரைவ்தானே..."

"தினமும் அவ்ளோ தூரந்தான் போகப்போறேன்."

திங்கட்கிழமை. நான் ஓட்ட, மூன்று பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். கல்லைத் தள்ளுவது போல இருந்தது கிளட்ச். ஹொசூர் ரோட்டில் அப்போது மேம்பாலம் ஏது... லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவில் முதல் கியர், நியூட்ரல், மறுபடியும் முதல் கியர். சில்க் போர்டு சந்திப்பு வருவதற்குள் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. சீட் பள்ளமாக இருந்ததால் கழுத்தை நீட்டி நீட்டி ரோட்டைப் பார்த்தேன்.

"கிளட்ச்ச முழுசா அமுக்குங்க, அண்ணி."

"முழுசா அமுக்க இன்னொரு கால் வேணும், விக்டர். உன் கால கொஞ்சம் குடுக்கறியா?"

விக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. சூடாகவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. பள்ளிக்கூட கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு காலைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான்... கதவைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

கணவர் சுற்றிக்கொண்டு வந்தார். "என்னம்மா?"

"எழுந்திருக்க முடியலைங்க."

முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு, அத்தனை வாரத்தில் முதல் தடவையாக உருப்படியான கேள்வி ஒன்று அவரிடமிருந்து வந்தது.

"அந்தக் கடுகு கலர் வண்டிய நீ ஓட்டிப் பாக்கவேயில்ல, இல்ல?"

"அது இன்னும் இருக்கு டீச்சர்," என்றார் நாகராஜ். "யாருமே கேக்கல."

இடுப்பு வலி அடங்கிய பிறகு ஒரு நாள் காலை, அந்தச் சின்னக் காரில் அதே ரோடு, அதே நெரிசல். கிளட்ச் பழகிய செருப்பில் கால் வைப்பது போல லேசாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்த சீட். பள்ளி வாசலில் நானாக இறங்கினேன். வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பவும் நானே வீடு வரை ஓட்டிவந்தேன்.

ஓய்வு பெறும் வரை அந்தக் கார்தான். "கலர்தான் சகிக்கல," என்று விக்டர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது ஹொசூர் ரோட்டில் மேலே மேம்பாலம் போகிறது. என் மகள் தினமும் ஒயிட்ஃபீல்டு வரை ஓட்டிப் போக ஒரு பழைய கார் தேடுகிறாள். வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி, போனில். போன வாரம் எனக்கு வாட்ஸப்பில் போட்டோக்களாக அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி... "அம்மா, வெள்ளையா சிவப்பா?"

டயரை உதைக்கவாவது அன்றைக்கு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

அவளுக்கு எழுதிய பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன். பழைய கார் வாங்குவதற்கு முன், தினமும் ஓட்டப் போகிறவரே, தினமும் போகும் ரோட்டில், தினமும் போகும் நேரத்தில், போய்ச் சேரும் இடம் வரை ஓட்டிப் போய், அங்கே இறங்கி நின்று பாருங்கள்.