இனிமேல் செய்வாரா என்று கேட்டபோது

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பர்மாவில், த்வாண்டே ஊரில் வண்டிகளில் பானை ஏற்றினேன், ஆற்றுப் படகில் சமைத்தேன், நகரத்துக்கு வந்து லான்மடாவ் பேட்டைக் கடைகளில் மூட்டை தூக்கினேன். அங்கே டீக்கடையில் ஒரு பர்மிய வக்கீல், தமிழும் பர்மிய மொழியும் நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். இரண்டிலும் சண்டை போடுவேன் என்றேன். அது போதும் என்று கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்.

கியாக்தான் ஊர்ப் பக்கத்துத் தமிழ் வயல்காரர் ஒருவர், வாய்க்கால் தகராறில் பங்காளியை அரிவாளால் வெட்டிக் கொன்றிருந்தார். அவரே ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்த கேள்வி தூக்கா, ஆயுளா என்பதுதான். உயிரோடு விட்டால் மறுபடி கொல்வாரா என்று மனநல டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். வயல்காரருக்குச் சந்தைப் பேச்சு அளவுக்குத்தான் பர்மிய மொழி வரும். அதற்குத்தான் நான்.

ஜெயிலில் அந்த டாக்டரம்மா அவரைக் கேட்டார்: "மறுபடி இப்படிச் செய்வீர்களா?"

நான் தமிழில் சொன்னதும் வயல்காரர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நடக்கறத நான் எப்படித் தம்பி சொல்றது? ஆத்தா விட்ட வழி."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நாளைக்கு வருகிறேன் என்றுகூட அடித்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாமி முன்னால் திமிர் பேசியதாகிவிடும். இது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டாதே, குறைக்காதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். ஆத்தா யார் என்று டாக்டர் கேட்டார். வயல்காரரிடம் கேட்டு, சாமி, தீ மிதிக்கும்போது இவர்மேல் வரும் என்றேன். டாக்டர் நிறைய எழுதிக்கொண்டார். மொத்தம் அரை மணி நேரம்.

கோர்ட்டில் டாக்டர் சாட்சி சொன்னார். இவரை வெளியிலிருந்து ஏதோ ஒன்று நடத்துவதாக இவர் நம்புகிறார், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்ல மறுக்கிறார், மறுபடி கொல்லக்கூடியவர்.

அதை வயல்காரரிடம் தமிழில் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே" என்றார்.

என்ன சொல்கிறார் என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார்.

"சத்தியமாக இனிமேல் செய்ய மாட்டேன் என்கிறார்" என்றேன்.

அந்த அளவு பர்மிய மொழி வயல்காரருக்குப் புரிந்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லலியே தம்பி" என்றார். பிறகு ஜட்ஜைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி, தட்டுத் தடுமாறிப் பர்மிய மொழியிலேயே சொன்னார், தான் அப்படிச் சொல்லவில்லை என்று.

பத்து நாள் கழித்துத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேறு ஆளை வைத்திருந்தார்கள்.