உதுமாலெவ்வையின் முடிச்சு

"முதல்ல வலது மேல, பொறகு இடது மேல" என்று முணுமுணுத்தபடி, தேநீர்க் கடை மேசை விரிப்பின் இரண்டு மூலைகளையும் சேர்த்து முடிந்துகொண்டிருக்கிறார் உதுமாலெவ்வை. முன்னால் வைத்த பால் தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது. கடைக்காரர் றவூப் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர். போன மாதம் ஜன்னல் சீலையை இவர் முடிந்து வைத்துவிட்டுப் போக, அதை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தார். "காக்கா, தேத்தண்ணியக் குடிங்க. மேசைக்கு ஒரு காயமும் இல்ல" என்கிறார், அண்ணன் முறை வைத்து.

மருதமுனையில் எங்கள் தெருவில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால் முதலில் செய்யும் காரியம், அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதுதான். இவர் கண்ணில் பட்டால் விடமாட்டார். மடியிலிருந்து மூன்று மூலைத் துணியை உருவிக்கொண்டு வந்துவிடுவார். வயது நாற்பத்திரண்டு, ஒல்லியான ஆள். கண்ணாடி ஒரு காதில் கம்பியாலும் மறு காதில் நூலாலும் நிற்கிறது. அந்த நூலும் அவர் முடிந்ததுதான், மூன்று வருடமாக அசையவில்லை.

பிறந்ததிலிருந்தே தறிச் சத்தம் கேட்டவர். பாவில் நெடுக்காக ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, நுனிகளைப் பிடித்து, கண்மூடித் திறக்கு முன் முடிந்து, மிச்ச வாலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த இழைக்குப் போவார். அந்த முடிச்சு அரிசி அளவுகூட இராது. துணி கிழிந்தாலும் கிழியும், முடிச்சு கழலாது. இவர் நெய்த சாரன் என்றால் கல்முனைக் கடைக்காரர்கள் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தத் திறமைதான் இப்போது இவருக்கு எதிரியாகிவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை தோறும் முதலுதவி வகுப்பு நடக்கிறது. படிப்பிக்கிறவர் பாண்டிருப்பைச் சேர்ந்த குணம் ஐயா. முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் ஆண் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பறைத் திறப்புச் சாவி என்னிடம் இருப்பதால் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் தடவையிலேயே தேறினேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். ஊர்க்காரர்கள் சேர்ந்து நோயாளர் வேன் ஒன்று வாங்குகிறார்கள். அதில் சாரதிக்குப் பக்கத்தில் போய்வர, சான்றிதழ் உள்ள இரண்டு பேர் வேண்டும். உதுமாலெவ்வைக்கு அந்த இடத்தின் மேல் கண். ஆனால் பரீட்சையை மூன்று தடவைதான் எடுக்கலாம். இரண்டு போய்விட்டது.

வாய்ப் பாடத்தில் இவரை வெல்ல ஆளில்லை. உடம்பில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று குணம் ஐயா கேட்டால், "தறியில நாடா ஓடுறாப்போல சேர். அந்தக் கரைக்குப் போனா இந்தக் கரைக்கு வந்துதானே ஆகணும்" என்பார். குணம் ஐயா ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரி போடுவார். எலும்புகளின் பெயரைக் கொழும்பு டொக்டரைப் போல ஒப்புவிப்பார். துணியைக் கையில் கொடுத்தால்தான் வினை.

கட்டுக்குப் போடவேண்டியது தட்டை முடிச்சு. காயத்தின் மேல் உறுத்தாமல் படுத்திருக்கும். ஒரு நுனியைச் சுண்டி இழுத்தால் உடனே அவிழ்ந்துவிடும். "கட்டத் தெரிஞ்சாப் போதாது லெவ்வ, அவுக்கவும் தெரியணும்" என்று குணம் ஐயா தலையில் அடித்துக்கொள்வார். உதுமாலெவ்வையின் மூளைக்கு அது விளங்குகிறது. விரல்களுக்கு விளங்கவில்லை. முதல் பரீட்சையில் இவர் கட்டிய கையைப் பரீட்சகரால் அவிழ்க்க முடியாமல், கத்தரிக்கோல் தேடி ஆள் ஓடியது. இரண்டாவது தடவை முடிச்சு சரியாகவே விழுந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். அந்த நேரம் பார்த்து இவர் குனிந்து, நோயாளியின் தோளில் நின்ற துணி வாலைப் பல்லால் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு கல்லாகிவிட்டது. "நீர் கட்டுறீரா, கடிக்கிறீரா?" என்று கேட்டுவிட்டுப் பரீட்சகர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டில் பழகலாமென்றால் மனைவி றபீக்கா கை கொடுப்பதில்லை. ஒருநாள் அவருடைய வலக்கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு இவர் அழகு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "இஞ்சருங்க, கைய விடுங்க, ஆணம் அடிப்புடிக்கிது!" என்று அவர் போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அன்றைக்கு அடுப்பிலிருந்த ஆணக் குழம்பும் கருகியது, துணியும் இரண்டு துண்டானது. "வேணுமெண்டா ஆட்டக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். ஆடும் இப்போது இவரைக் கண்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

ஆகவே இவருக்குக் கிடைத்த ஒரே நோயாளி மச்சான் மசூர். வாரந்தவறாமல் வகுப்புக்கு வந்து வாங்குப் பலகையில் படுத்துக்கொள்வார். தலையைத் தருவார், இரண்டு கையையும் தருவார், வலக்காலையும் தருவார். இடக்காலை மட்டும் தரமாட்டார். "அந்தக் காலக் கேக்காத மச்சான்" என்பதோடு பேச்சு முடியும்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் தென்னைமரம் தறிக்கொட்டில் மேல் விழுந்து, மசூரின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. உதுமாலெவ்வைதான் கூரை ஓடுகளைப் புரட்டி ஆளை வெளியே எடுத்தார். தறிக்கட்டையை அணை வைத்து, கையில் கிடைத்த நூலை முறுக்கித் தனக்குத் தெரிந்த முடிச்சுகளால் இறுக்கினார். விடிந்ததும் கதவொன்றைக் கழற்றி அதில் மசூரைக் கிடத்தி, விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலால் தூக்கிக்கொண்டு கல்முனைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அதற்குள் கால் வீங்கிப் பாதம் நீலம் பாரித்திருந்தது. வழியில் ஒருவருக்கும் அந்த முடிச்சுகளைத் தளர்த்த முடியவில்லை. டொக்டர்தான் அவற்றை வெட்டியெடுத்தார். கால் தப்பியது. கடைசி இரண்டு விரலும் மரத்துப் போயின.

மசூர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் உதுமாலெவ்வை நன்றாகத் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். இவரைக் கேலி செய்கிற எனக்கே இந்த இடத்தில் மனம் கனத்துப் போகிறது.

மசூர் நடக்கும்போது இடக்கால் ரப்பர் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிடும். அவருக்குத் தெரியாது, நடந்துகொண்டே போவார். பின்னால் வருகிற உதுமாலெவ்வை அதை எடுத்து, உடுத்திருக்கிற சாரனில் மண்ணைத் துடைத்து, ஓடிப்போய்க் காலடியில் வைப்பார். இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மூன்று வருடமாக இது நடக்கிறது.

போன சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் குணம் ஐயா தொண்டையைக் கனைத்தார். "வாற கிழமை சோதனை. இந்த முறை கால் முறிவுதான் கேப்பாங்க. ஆளை நீங்களே கூட்டி வரணும். கட்டினாப் பொறகு வெரலப் பாக்க மறந்திராதீங்க" என்றார். உதுமாலெவ்வை நிமிர்ந்து மசூரைப் பார்க்கவேயில்லை. துணியை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டார்.

உதுமாலெவ்வை, மசூர், நான் மூவரும் சேர்ந்துதான் திரும்பினோம். மதகடியில் வழமைபோல் செருப்பு நின்றுவிட்டது. வழமைபோல் இவர் எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தார். மசூர் அதில் காலை நுழைக்கவில்லை. மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து இடக்காலை நீட்டினார்.

"கட்டு மச்சான்."

"என்னத்த?"

"செருப்பத்தான். கழராமக் கட்டு. பாப்பம்."

உதுமாலெவ்வை மண்ணில் முழங்கால் குத்தினார். துணியை மடித்துச் செருப்புக்கு அடியால் கொடுத்து, பாதத்துக்கு மேல் கொண்டுவந்தார். "முதல்ல வலது மேல. பொறகு இடது மேல." முடிச்சு விழுந்தது. உடனே தலையும் தன்பாட்டில் குனிந்து பாதத்தை நோக்கிப் போனது.

"கடிச்சியெண்டா மிதிப்பன்" என்றார் மசூர்.

தலை பாதி வழியில் நின்றது. இவர் வாயை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரல் நகமாக அழுத்தி விட்டு, வெளுத்த நகம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார்.

"வெரல் தெரியுதா மச்சான்?"

"அந்த ரெண்டும் எப்பவும் தெரியா. மத்த மூண்டும் தெரியுது."

நடந்தோம். கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை முழுக்க மணல். செருப்பு கழலவில்லை. பின்னால் குனிந்து எடுக்க ஒன்றுமில்லாமல், உதுமாலெவ்வை கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவராக நடந்து வந்தார். கட்டு நின்றுவிட்டது, ஆனால் அவிழுமா என்ற கேள்வி எங்கள் மூவரோடும் கூடவே வந்தது.

தன் வீட்டுக் கடப்படி வாசலில் மசூர் நின்றார். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, துணியின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டி இழுத்தார். துணி அவர் கையோடு வந்தது. அதை உதறி, மூன்று மூலையாக மடித்து, உதுமாலெவ்வையின் தோளில் போட்டார்.